கோண்டாரில் நீ எஜமானானது

உன் தொப்பி போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பழைய தலையணை உறைக்குள் வைத்து, உறையின் வாயைத் தைத்து, உன் வீட்டம்மா கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியை ஒதுக்கும்போது அகப்பட்டதாம். "இது அண்ணாச்சிக்குக் கொடுக்கணும்னு அவிய ரெண்டு தடவை சொல்லியிருந்தாவ" என்றார். எதற்கென்று சொன்னானா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் வாங்கி வைத்தேன்.

அவர் போனதும் தையலைப் பிரித்து முகர்ந்து பார்த்தேன். முதலில் பாச்சை உருண்டை வாசம்தான் வந்தது. உள்பட்டையை மடக்கிப் பார்த்தால் அடியில் எல்லாம் அப்படியே இருக்கிறது: விறகுப்புகை, வறுக்காத காப்பிக்கொட்டை, கோவேறு கழுதையின் வியர்வை. என் மனைவி அந்தப் பக்கம் வந்தவள், ஒருத்தர் தொப்பியை மூக்கில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். கோண்டார் கதையை அவளுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் போகும் என்று உனக்குத் தெரியும். நீயும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகவே உனக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நம் இருவர் ஊருக்கும் நடுவில் மாட்டுவண்டியில் அரை நாள் தூரம்தான். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு வேளாளர் தெருவில் நான்; தக்கலைக்குப் பக்கத்தில் பனங்காட்டின் நடுவே ஒரு சபைக் கோயிலை ஒட்டி நீ. ஊரில் இருந்திருந்தால் ஆயுசு முழுக்க நாம் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம். பார்ப்பதற்குக் கடல் தாண்டி அபிசீனியாவுக்குப் போக வேண்டியிருந்தது. அடிஸ் அபாபாவில் அந்தக் குஜராத்தி முதலாளியின் துணிக்கடையில் கடிதம் எழுதும் வேலைக்கு நான் போய்ச் சேர்ந்த முதல் நாள், கடையின் பின்கட்டிலிருந்து தையல் மெஷின் சத்தமும் அதற்கு மேலே தமிழில் ஒரு ஞானப்பாட்டும் வந்தது. ராகம் கொஞ்சம் இழுத்துப்போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். நீ காலை நிறுத்தாமலே தலையைத் தூக்கி, "எந்த ஊரு வே?" என்றாய். பூதப்பாண்டி என்றதும் மெஷின் நின்றது.

அன்றைக்கு எழுந்து நின்றாய். இப்போது யோசித்தால் அது சுருக்கென்று குத்துகிறது. என்னைவிட நான்கு வயது மூத்தவன், ஊர் தெரிந்ததும் எழுந்து நின்றாய். அன்று முதல் நான் உனக்குப் 'பிள்ளைவாள்', 'நீரு'. நீ எனக்கு முதல் வார்த்தையிலேயே 'நீ'. இரண்டு வருஷம் ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் அந்த ஊர்ப் புளித்த ஆப்பத்தைப் பிய்த்துத் தின்று, மரச்சீனிக் கிழங்குக்கும் சாளைமீன் குழம்புக்கும் சேர்ந்து ஏங்கினோம். அப்போதும் அது மாறவில்லை. மாற வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. வழக்கம் என்பது அப்படித்தான் நம்மோடு கப்பல் ஏறி வந்திருந்தது.

மூன்றாம் வருஷம் மழை முடிந்ததும் முதலாளி நம்மைக் கூப்பிட்டார். வடக்கே கோண்டாரில் ஒரு பிரபுவின் வீட்டுக்கு இரண்டு தையல் மெஷின்கள் போகவேண்டும். அதைப் பூட்டி, அங்கே உள்ள பெண்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்க நீ. அந்த ஊர்ப் பாஷை ஓரளவு பேசுகிறவன் என்பதால் நான். கோவேறு கழுதையில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்றார். நான் முதுகுவலி என்று நழுவப் பார்த்தேன். அந்த ஊர் பழைய ராஜாக்களின் தலைநகரம், அரண்மனைகள் இன்னும் நிற்கின்றன என்று அவர் பேச்சோடு சொன்னதும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். வெளியே வந்ததும், "வாரும் பிள்ளைவாள், உம்ம முதுகை நான் நீவித் தாறேன்" என்றாய். நீவியும் தந்தாய். உண்மையைச் சொன்னால் அதற்கப்புறம்தான் நிஜமாக வலித்தது.

அரண்மனை என்றதும் உனக்கு ஏன் அப்படி ஆயிற்று என்பது வழியில்தான் தெரிந்தது. நீ சின்னப் பையனாக இருந்தபோது உன் அப்பா கருப்பட்டி விற்கப் பத்மநாபபுரத்துக்குப் போவாராம், உன்னையும் கூட்டிப்போவாராம். எதிரே பெரிய வீட்டுக்காரர் யாராவது வந்தால் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வழியை விட்டு இறங்கி நிற்பாராம். கோட்டை மதிலைக் காட்டி உள்ளே என்ன என்று நீ கேட்டாய். ராஜா வீடு என்றார். போகலாமா என்றாய். அவர் பதிலை அந்த மலைப்பாதையில் அவர் குரலிலேயே எனக்குச் சொன்னாய்: "ஒரு நாளு போவலே. ஆனா சட்டையோட போ. கழத்தச் சொன்னா திரும்பி வந்திரு." அப்புறம்தான் உன்னைப் பாதிரியாரிடம் சொல்லித் தையல் படிக்கவைத்தார். அவர் கடைசி வரை சட்டை போடவில்லை. நீ தைத்துக் கொடுத்ததை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார்.

நான் அந்த அரண்மனையை உள்ளே பார்த்தவன் என்று தெரிந்ததும் நீ என்னை விடவில்லை. நவராத்திரி சமயத்தில் என் மாமா கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதில் ஒரே ஒரு தடவை போனேன். நினைவிருந்தது மூன்றே விஷயம்: முகம் தெரியும் கறுப்புத் தரை, தொங்குகிற குதிரை விளக்கு, என் தலையில் இடித்த ஒரு தாழ்ந்த வாசல். மூன்று வாரப் பயணத்துக்கு அது எப்படிப் போதும்? தினமும் நீ கேட்க, தினமும் ஓர் அறை கட்டினேன். ராணி குளிக்கும் பளிங்குக் குளம், மயில் வளர்க்கும் மாடம், ஊருக்கே சோறு போட ஆயிரம் தூண் உள்ள ஊட்டுப்புரை. நைல் நதியின் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறுவதற்குள் திருவிதாங்கூர் ராஜாவுக்கு ஒரு நிலவறையும் நூலகமும் கட்டிக்கொடுத்துவிட்டேன். நீ எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாய். ஒரு நாள் மட்டும், "பிள்ளைவாள், ஏழு வயசுப் பையன் ஒரு மத்தியானத்திலே இவ்வளவும் நடந்து பாத்தேரா?" என்றாய். கால் வலித்தது என்றேன்.

கோண்டார் வந்தது. மழை விட்ட மலையெல்லாம் நம் ஊர் ஆவாரம்பூப் போல மஞ்சள் பூ பூத்துக் கிடந்தது. ஊர் சிறியது, புல் வேய்ந்த வட்ட வீடுகள். அவற்றின் நடுவே, சம்பந்தமே இல்லாமல், உயர்ந்த கருங்கல் மதில். மதிலுக்கு மேலே நான்கு மூலையிலும் உருண்டைக் கோபுரம் வைத்த ஒரு பெரிய கோட்டை. பக்கத்தில் இன்னும் சில, ஒவ்வொரு ராஜாவும் தன் அப்பன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தனித்தனியாகக் கட்டிக்கொண்டவை. நீ கழுதையை நிறுத்தி, தொப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தாய். திரும்பவும் வைத்துக்கொண்டாய். ஐந்து நாள் மெஷின் வேலையில் உன் மனம் நிற்கவே இல்லை. ஒரு பெண்ணுக்குச் சட்டையின் இரண்டு கையையும் ஒரே நீளத்தில் வைக்காமல் தைத்துக் கொடுத்தாய். ஆனால் சொல்லி உள்ளே விட அந்தப் பிரபு ஊரில் இல்லை. பெரிய மனிதர்கள் வந்தால் அல்லாமல் கோட்டை வாசலைத் திறக்கமாட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். நாமோ ஒரு தையல்காரனும் ஒரு குமாஸ்தாவும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், எதற்கும் போய்ப் பார்ப்போம் என்று போனோம். நீ கோட்டும் கால்சட்டையும் தொப்பியும், கழுத்தில் அளவு நாடா. நான் வேட்டி, நீ தைத்த சட்டை, தோளில் துவர்த்து. வாசலுக்கு முன்னால் பெரிய அத்தி மரங்கள், ஒரே அமைதி. ராஜா வீட்டு வாசல் என்று கண் கண்டதும் என் கை என்னைக் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி உன் பைக்குள் வைத்தேன், துவர்த்தை இடுப்பில் சுற்றிக் கட்டினேன், கைகட்டி நின்றேன். கோயில் வாசலிலும் அரண்மனை வாசலிலும் பிறந்ததிலிருந்து செய்து பழகியது. அந்த மலைக்குளிரில் பல் கிடுகிடுவென்று அடித்தபிறகுதான் செய்ததே எனக்குத் தெரிந்தது. நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். உன் கோட்டுப் பொத்தானை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாய்.

காவல்காரர் வந்தார். நரைத்த தாடி, தோளைச் சுற்றி அந்த ஊர்க்காரர் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டி. அவர் உன்னைப் பார்த்தார். என் வெற்று மார்பையும் இடுப்புத் துவர்த்தையும் பார்த்தார். அந்த ஊரிலும் பெரியவர் முன்னால் நிற்கும் வேலைக்காரன் துப்பட்டியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில்தான் கட்டுவான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் என்னிடம், இவர் உன் எஜமானா என்று கேட்டார்.

இதைத்தான் நான் என் மனைவியிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இல்லை என்று சொன்னால் வாசல் திறக்காது. ஆமாம் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. அங்கே பூதப்பாண்டிக்காரன் ஒருவன்கூட இல்லை, ஆனாலும் என் மாமா அத்தி மரத்துக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல இருந்தது. என்ன சொல்கிறார் என்று நீ கேட்டதும், அவர் கேட்டதை உனக்கு அப்படியே தமிழில் சொன்னேன். உன் முகம் சிவந்துவிட்டது. "வேண்டாம் வே. திரும்பிப் போயிருவோம். உமக்கு எதுக்கு அந்தக் குறைச்சலு?" என்றாய். மூன்று வாரம் கழுதை மேல் வந்தவன், முப்பது வருஷம் மதிலைப் பார்த்து நின்றவன், என் குறைச்சலுக்காகத் திரும்பிப் போகத் தயாராக நின்றாய். வெட்கமாக இருந்தது எனக்கு. காவல்காரர் பக்கம் திரும்பி, ஆமாம், இவர்தான் என் எஜமான், இந்தியாவிலிருந்து உங்கள் ராஜாக்களின் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார் என்று உரக்கச் சொன்னேன். சொன்னபிறகு குளிர்கூடக் கொஞ்சம் குறைந்தது.

அவர் சாவி எடுக்கப் போனார். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். உன் மீசை துடித்தது. பையைக் கீழே வைத்தாய். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏலே மக்கா, பையை எடுலே" என்றாய். நான் எடுத்தேன். இரண்டு பேரும் அத்தி மரத்தடியில் நின்று கண்ணீர் வரச் சிரித்தோம்.

காவல்காரர் திரும்பி வந்ததும் உன் சிரிப்பு நின்றது. அவர் வெளுத்த துப்பட்டி ஒன்றை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். உனக்கு எதிரே நின்று, அதைத் தோளிலிருந்து இறக்கி, இடுப்பில் கட்டி, தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். எலும்பு தெரியும் கிழட்டுத் தோள். நீ ஒரு எட்டில் அவரிடம் போனாய். அவர் இடுப்பு முடிச்சை நீயே அவிழ்த்து, துப்பட்டியை எடுத்து, அவர் தோளில் போட்டு, தையல்காரன் சட்டையைப் போட்டுப் பார்க்கிறவனுக்கு இழுத்துவிடுவதுபோல இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாய். அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எஜமானின் உத்தரவு, குளிர்கிறது அல்லவா என்று நான் சமாளித்தேன். அதற்கப்புறம் அவர் உன்னை நிஜமான எஜமானாகவே பார்க்க ஆரம்பித்தார்.

சட்டையோடு நீ ராஜா வீட்டுக்குள் போனாய். உன் பின்னால் சட்டையில்லாமல் நான்.

உள்ளே கூரை போன கூடங்களில் புல் முளைத்திருந்தது. சிங்கம் அடைத்த கல் கூண்டுகளைக் காட்டினார். ஒரு ராஜா சுவரெல்லாம் தந்தமும் கண்ணாடியும் பதித்திருந்தானாம். இப்போது அங்கே புறாக்கள் இருந்தன. நீ நாடாவை எடுத்துச் சுவரின் கனத்தை அளந்தாய். வாசலின் உயரத்தை அளந்து, ராஜாவும் நம் அளவு ஆள்தான், கை மட்டும் இவனுக்கு யாரோ சரியாகத் தைத்துக் கொடுத்திருப்பார்கள் என்றாய். சுண்ணாம்புச் சாந்து இன்னும் இறுகி இருந்ததைக் காவல்காரர் தட்டிக் காட்டினார். அதைக் குழைத்தவர்களில் இந்தியாவிலிருந்து வந்த கொத்தனும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்களாம். உனக்குச் சொன்னேன். நீ அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாய். "கெட்டி முடிச்ச பெறவு அவனை உள்ளே விட்டானுவளா, கேளும்" என்றாய். கேட்டேன். அவருக்கு அது தெரியவில்லை.

படியேறி மேல்தளத்துக்குப் போனோம். தூரத்தில் ஏரி வெள்ளையாகத் தெரிந்தது. நீ என்னிடமிருந்து பையை வாங்கி, என் சட்டையை எடுத்து உதறினாய். "போடுலே. பைக்குள்ளே கெடக்கவா நான் தச்சேன்?" என்றாய். கீழே காவல்காரர் இருக்கிறாரே என்றேன். உன் கண் நிறைந்திருந்தது. "எங்க அப்பன் அப்பிடித்தான் நின்னாரு. எனக்கு முன்னாலே ஒருத்தன் அப்பிடி நிக்கப்பிடாது. நீயும் நிக்கப்பிடாது. ஒருத்தனுக்கு முன்னாலேயும் நிக்கப்பிடாது, கேட்டியா?" என்றாய். நான் போட்டுக்கொண்டேன். மேல் பொத்தானை நீயே மாட்டிவிட்டாய். இறங்கி வந்தபோது சட்டை போட்ட வேலைக்காரனைக் கண்டு காவல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இந்த எஜமான் இப்படித்தான் என்று முடிவுகட்டியிருப்பார். காப்பி கொடுத்தார், அந்த ஊர் வழக்கப்படி மூன்று தடவை. உனக்கு முக்காலி போட்டார். நீ எனக்கும் ஒன்று போடச் சொன்னாய்.

அன்றோடு பிள்ளைவாள் போய்விட்டது. கழுதைமேல் திரும்பி வந்த வழி முழுக்க 'ஏலே'தான். அபிசீனியாவில் சண்டை வருகிறது என்று ஊர் திரும்பி, நீ கோட்டாறில் கடை போட்டபின், தெரு நிறைந்த ஆட்களுக்கு நடுவே ஒரு நாள் "ஏலே மக்கா" என்று கூப்பிட்டாய். பக்கத்தில் என் மாமா இருந்தார். அவர் முகம் கறுத்தது. "வந்துட்டேன்" என்று நான் குரல் கொடுத்தேன். ஆனால் என் வீட்டுக் கூடத்தில் உனக்கு நாற்காலி போட எனக்கு மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கோண்டாரில் இருந்த தைரியம் பூதப்பாண்டியில் சீக்கிரம் வரவில்லை. அதை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை.

கோயில் கதவுகளே எல்லாருக்கும் திறந்தாயிற்று. பத்மநாபபுரம் அரண்மனையையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆனதும் உன் கடைக்கு ஓடிவந்தேன். நாளைக்கே போவோம் என்றேன். நீ சிரித்தாய். கிறிஸ்துமஸ் உடுப்பெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவோம், அந்தப் பளிங்குக் குளம் எங்கே போய்விடும் என்றாய். உடுப்பெல்லாம் தைத்துக் கொடுத்துவிட்டாய். பொங்கலுக்கு முன்னே காய்ச்சல் வந்தது, பொங்கலுக்கு நீ இல்லை.

நேற்று நான் மட்டும் பத்மநாபபுரத்துக்குப் போனேன். நீ தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். காலர் நைந்துவிட்டது, தையல் நையவில்லை. தோளில், கோண்டாரிலிருந்து என்னிடமே தங்கிவிட்ட உன் பழைய பை; கையில் தொப்பி. வாசலைக் கண்டதும் பழக்கதோஷம், கை மேல் பொத்தானுக்குப் போயிற்று. 'போடுலே' என்று காதில் கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன். குதிரை விளக்கு இருக்கிறது. கறுப்புத் தரை இருக்கிறது. குனிந்து பார்த்தேன், கிழவன் ஒருவன் முகம் தெரிந்தது. தாழ்ந்த வாசல் இந்தத் தடவையும் இடித்தது. ராணியின் பளிங்குக் குளம் இல்லை, மயில் மாடம் இல்லை, ஊட்டுப்புரைக்கு ஆயிரம் தூணும் இல்லை. உனக்கு அது முன்பே தெரியும் என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தனியாகச் சிரித்துக்கொண்டு அறை அறையாக நடந்தேன்.

வாசலில் இருந்த காவல்காரர் கொஞ்ச நேரமாக என்னைக் கவனித்திருக்கிறார். நல்ல மனிதர். கிட்டே வந்து, "தொப்பியைத் தலையிலே வைக்காம எதுக்கு வே கையிலே கொண்டு நடக்கேரு?" என்று கேட்டார்.

"இது எனக்குள்ளது இல்லை. எங்க எஜமானுக்குள்ளது" என்றேன். "அவரு முன்னாலே போயிட்டாரு. நான் பையை எடுத்திட்டுப் பெறவே வாறேன்."

அவர் அந்த நீளக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன், மக்கா.